கண்ணில் படாத அடுப்பும் என் தகரக் குழாயும்

"மோந்து பாரு" என்றார் ரத்தினம் முதலாளி.

மோந்து பார்த்தேன். அரக்குச் சிவப்பில் அகலக் கரை போட்ட முகூர்த்தப் புடவை. மடிப்புக் கலையவில்லை. ஜரிகை கண்ணைப் பறித்தது. வாசனை மட்டும் சுத்தமான மசால் வடை. சோம்பு, பூண்டு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை எண்ணெய், ஒன்றும் பாக்கியில்லை.

"இன்னா வாசனை வருது, சொல்லு. காலேஜில படிக்கிற பையன்தானே நீ?"

"பசிக்குதுங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற எங்கள் கடைக் கூட்டாளி கோவிந்தசாமி அண்ணன் என் காலை மிதித்தார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? அன்று காலையில்தான் ஒரு கல்யாணக் குடும்பம் துணி எடுக்க வந்திருக்கிறது. கல்யாணப் பெண் இதே புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தாளாம். "யம்மா, இன்னாம்மா இது வடை நாத்தம் அடிக்குது?" என்று கேட்டாளாம். குடும்பமே எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

"ஆடி முடியுறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க" என்றார் முதலாளி. "ஆவணி பொறந்தா முகூர்த்தம். பொடவைக் கட்டு வந்து எறங்கும். அதுக்குள்ள அந்த அடுப்பு போவணும். இல்லாட்டி நீங்க போவணும். ரெண்டுல ஒண்ணு."

அந்த அடுப்பு என் பெரியம்மாவின் அடுப்பு. பக்கத்து அறையில் இருந்த எங்கள் பலகாரக் கடையைக் காலி செய்தால் அவருக்குப் போக்கிடம் முகையூர் வயல்தான். மறுபடியும் களை பிடுங்கப் போக வேண்டும்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் ஹாஸ்டல் பிரதாபங்களை எழுதியதைப் படித்துவிட்டு, "இந்தப் பொடியனுக்கு அதற்குள் என்ன நினைவுக் குறிப்பு?" என்று ஒரு பெரியவர் ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். ஐயா, நினைவுக்கு வயது வரம்பு கிடையாது. எனக்கு மீசை முளைத்த வருஷத்திலேயே சொல்வதற்கு ஒரு விஷயம் நடந்துவிட்டது. அதை டைப் அடித்துவிட்டுத்தான் இன்றைக்குச் சாப்பாடு. இந்த மெஷினில் 'ழ' அடித்தால் சிக்கிக்கொள்கிறது. விழுப்புரத்தைப் பற்றி எழுதுகிறவன் 'ழ' இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது சொல்லுங்கள்.

ஒரே ஓடு, பல கடை

யுத்தக் காலம் அது. விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே நீளமாக ஓர் ஓட்டுக் கட்டடம். அதை அறை அறையாகத் தடுத்து முதலாளி வாடகைக்கு விட்டிருந்தார். பெரிய அறையில் அவருடைய துணிக்கடை. அதை ஒட்டின அறையில் எங்கள் பலகாரக் கடை.

தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் சந்து. இந்தப் பக்கம் வடை வெந்தால் அந்தப் பக்கம் பட்டுப்புடவை மணக்கும். அவ்வளவுதான் விவகாரம்.

எங்கள் கடையிலும் குறுக்கே ஒரு சுவர் உண்டு. முன்பக்கம் கல்லாவில் கோவிந்தசாமி அண்ணன். வளவனூரில் சொந்தக் காணி வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். ஊரில் மரியாதை. பின்பக்கம் சின்ன அடுக்களை. நடுவில் கெட்டியான பலகைக் கதவு. அந்தக் கதவில் இடுப்பு உயரத்துக்குத் தட்டு நீட்டுகிற அளவு ஒரு துவாரம். உள்ளேயிருந்து ஒரு தட்டு நிறைய வடை வரும். காலித் தட்டு திரும்பிப் போகும். கதவுக்குப் பின்னால் என் அம்மாவின் அக்கா, அன்னம்மா பெரியம்மா.

பெரியப்பா ரங்கூனுக்குப் போனவர். அந்த ஊரில் குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. பெரியம்மா கொஞ்ச நாள் அழுதார். அப்புறம் எண்ணெய்ச் சட்டியை வைத்தார்.

சுவர் இருக்கிறவர்களின் கவலை

புகைக்கூண்டு என்பது சுவர் இருக்கிறவர்களின் கவலை. முகையூரில் எங்கள் அம்மா வழி ஜனத்துக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. கூரைக் குடிசையில் கேப்பைக் கூழ் காய்ச்சுகிற புகை ஓலை வழியாகவே கசிந்து போய்விடும். எண்ணெய்ச் சட்டி ஏறுவது கிறிஸ்துமஸுக்கும் மாதா கோவில் திருவிழாவுக்கும் மட்டும். அதுவும் புளியமரத்தடியில், மூன்று கல் கூட்டி, வெட்டவெளியில். புகை இந்தப் பக்கம் வந்தால் நாம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வோம். பௌதிகம் அதோடு முடிந்தது.

அந்தப் புளியமரத்தடியில்தான் கோவிந்தசாமி அண்ணன் பெரியம்மாவின் வடையை முதன்முதலில் தின்றார். திருவிழாவில் கரும்பு விற்க வண்டி கட்டிக்கொண்டு வந்தவர். வடையைத் தின்றுவிட்டுக் கரும்பை மறந்துவிட்டார். "இந்தக் கைய வச்சிக்கினு ஏம்மா களை புடுங்கினு கெடக்கிற?" என்று கேட்டாராம். கடை பிறந்தது அந்த ஒரு கேள்வியில்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குச் சுவர் உண்டு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஓட்டு வீடு. அம்மா முறுக்குச் சுடும் நாளில் நான் பரண்மேல் ஏறி, மூங்கில் கழியால் அடுப்புக்கு நேர் மேலே ஓர் ஓட்டை நெம்பித் தூக்குவேன். சந்தில் ஒரு கொட்டாங்கச்சியைச் செருகினால் புகை அது வழியாகப் போகும். எங்கள் வீட்டில் ஓட்டைத் தூக்கினால்தான் ஓட்டை.

ஒரு தரம் அப்படித் தூக்கி வைத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு துளி சட்டிக்குள் விழுந்தது. எண்ணெய் சீறிய சீறலில் அம்மா முறுக்கு அச்சோடு வாசலுக்கு ஓடிவந்துவிட்டார். "புகைய வெளிய அனுப்பச் சொன்னா மழைய உள்ள அனுப்புறியா?" என்று அச்சாலேயே ஒன்று வைத்தார். குழாய்க்கு மேலே குல்லா வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த அச்சு.

வடை சுடுகிற பீரங்கி

காலேஜில் பௌதிக வகுப்பில் நான் தூங்காமல் கேட்ட சங்கதி ஒன்று உண்டு. சூடான காற்று இலேசு, மேலே போகும். உயரமான குழாய்க்குள் அதை விட்டால் வேகமாகப் போகும். போகிற வேகத்தில் அக்கம்பக்கத்துப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். யுத்தத்தால் காலேஜ் விட்ட நீண்ட லீவில் ஊருக்கு வந்தவன் முதலாளியிடம் மார்தட்டினேன்.

"அடுப்பும் இருக்கும், நாங்களும் இருப்போம். வாசனை மட்டும் போவும். எனக்கு விடுங்க."

"வாய் மட்டும் நல்லா இருக்குது" என்றார் முதலாளி. ஆனால் ஓட்டைப் பிரிக்கச் சம்மதித்தார்.

யுத்தத்தில் தகரம் ஏது? திண்டிவனம் முழுக்கச் சுற்றிக் காலி மண்ணெண்ணெய் டின்களாகப் பொறுக்கினேன். தகரக் கடைக்காரர் அவற்றை வெட்டி விரித்து, சுருட்டிப் பற்றவைத்து, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு குழாய் செய்து கொடுத்தார். சட்டிக்கு மேலே கவிழ்க்க அகல வாய் வைத்த ஒரு கூடு. உச்சிக்கு ஒரு குல்லா.

அதை ரயிலில் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன் பாருங்கள், அதற்கே எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். குழாயின் ஒரு முனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் இறங்கியதும் ஒரு போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா இது? பீரங்கியா?"

"இல்லீங்க. சுடுறதுக்கு."

"சுடுறதுக்கா? யார?"

"வடைங்க."

"வடையச் சுட பீரங்கியா? ஜப்பான்காரன் கேட்டா சிரிப்பான்டா!" என்றவர் உள்ளே ஒரு கண்ணை வைத்து முழுக் குழாயையும் பார்த்தார். மறு முனையில் நான் கண்ணை வைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டோம். "போ, போ, ஜல்தி போ" என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பெரியம்மா கோவிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் ஓட்டைப் பிரித்துக் குழாயை ஏற்றினேன். கூரை முகட்டைத் தாண்டி நிற்கும்படி உயர்த்திக் கம்பி கட்டினேன். துணிக்கடைப் பக்கத்துச் சுவர்ச் சந்தில் மண் குழைத்து அடைத்தேன். சவுக்கு விறகை மூட்டி, சட்டியில் எண்ணெயைக் காயவைத்தேன்.

அந்த இழுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புகை சட்டியை விட்டுக் கிளம்பிக் கூட்டின் வாய்க்குள் போய் மறைந்தது. குழாய் மெல்ல உறுமியது. தெருவில் நின்ற முதலாளி அண்ணாந்து பார்த்தார். குல்லாவின் அடியிலிருந்து வெள்ளையாகப் புகை சுருண்டு வெளியே வந்து ஸ்டேஷன் பக்கம் போனது.

"பரவாயில்லையே" என்றார்.

கோவிலிலிருந்து வந்த பெரியம்மா குழாயைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மாதா கோயில் கோபுரமாட்டம் இருக்குதுடா சூசை" என்றார். சூசை நான்தான். அந்த நேரத்தில் என்னை ஒரு குண்டூசியால் குத்தியிருந்தால் வெடித்திருப்பேன்.

விழுந்துபோன ஒரு 'ல'

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது. திங்கட்கிழமை வியாபாரம், கதவு சாத்தியிருந்தது. இதுதான் வித்தியாசம்.

முதல் ஈடு வடை வெந்ததுமே உள்ளே இருமல் கேட்டது. இரண்டாவது ஈட்டில் தட்டுத் துவாரம் வழியாகப் புகை எட்டிப் பார்த்தது. நான் அடைத்த ஈர மண் பிளந்துகொண்டு, சந்து வழியாகப் புகை பழையபடி துணிக்கடைக்குக் குடிபோனது. முதலாளி ஒரு வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே விரித்தார்.

"மோந்து பாக்கச் சொல்லட்டுமா?"

வேண்டாமென்று கைகூப்பினேன்.

காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. இதை என் மூளைக்குச் சாதகமாகவே சொல்லிக்கொள்கிறேன். குழாய் காற்றை வெளியே இழுக்க வேண்டுமென்றால், போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காலி பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். ஒன்றும் வராது, நாக்குதான் ஒட்டிக்கொள்ளும். கதவைச் சாத்தினால் அடுக்களையும் அப்படித்தான். அடுக்களையின் பின்சுவர் முதலாளியின் சரக்குக் கிடங்கு. மறுபக்கம் அடுத்த கடை. காற்று வரத் தெருப்பக்கம் ஒன்றுதான் வழி. அந்த வழியில்தான் கதவு.

துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினேன். "பெரிம்மா, கதவத் தொறந்து வச்சிக்கினு சுடு! புகை ஒரு நிமிசத்துல போயிடும்!"

உள்ளேயிருந்து இருமலுக்கு நடுவில் பதில் வந்தது. "முடியாதுடா... கண்ணு... படும்!"

இது எங்கள் பக்கத்துச் சமாச்சாரம். பலகாரம் சுடும்போது வேற்று மனுஷர் கண் பட்டால் எண்ணெய் குடிக்கும் என்பார்கள். அதிரசம் சுடும் வீட்டில் விருந்தாளி நுழைந்தால் அடுக்களைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். மதம், ஜாதி எல்லாம் பார்க்காத நம்பிக்கை அது. எல்லார் வீட்டுப் பலகாரமும் எண்ணெய் குடிக்கும்.

எனக்குச் சிரிப்பு. காலேஜில் படிக்கிறவனாச்சே! அன்று முழுக்கத் துவாரம் வழியாகப் பெரியம்மாவுக்கு லெக்சர் அடித்தேன். கண்ணிலிருந்து ஒன்றும் வெளியே போவதில்லை, வெளிச்சம்தான் கண்ணுக்குள்ளே வருகிறது என்றேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறேன் என்றேன். அதுவும் போதாவிட்டால் மாதா படமும் மாட்டுகிறேன் என்றேன். பதிலுக்குக் காலித் தட்டைத் துவாரத்தில் 'டக்'கென்று இடிக்கிற சத்தம்தான் வந்தது.

சாயங்காலம் கடை கட்டியதும் கதவு திறந்தது. பெரியம்மாவின் கண் இரண்டும் கோவைப்பழம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"காலேஜில இன்னாடா சொல்லித்தர்றாங்க உனக்கு? எண்ணெய்க்குக் கண்ணு படும்னா சொன்னேன்?"

"நீதான பெரிம்மா சொன்ன, கண்ணு படும்னு?"

"கண்ணுல படும்னு சொன்னேன்டா. *கண்ணுல*. யாரு சுடுறான்னு கண்ணுல படும்."

இருமலில் ஒரு 'ல' கீழே விழுந்துவிட்டிருக்கிறது. அதை நான் பொறுக்காமல் விட்டுவிட்டுப் பொழுதெல்லாம் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

"அங்க நின்னு துன்றவன் ஒவ்வொருத்தனும், கோவிந்தசாமி வூட்டு அம்மா யாரோ உள்ள சுடுறாங்கன்னு நெனச்சிக்கினு துன்றான். முகையூரு சேரியிலேர்ந்து வந்த கூலிக்காரி சுடுறான்னு பார்த்தா, கையில இருக்கிறத கீழ போட்டுட்டுப் போயிடுவான். அந்தக் கதவு பொகைக்காடா போட்டுக்கினு இருக்குது?"

நான் கோவிந்தசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் கல்லாப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜங்ஷனைச் சுற்றி எங்கள் ஜனத்துக்கு டீ எப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? கடைக்கு வெளியே தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளரில் நானே குடித்திருக்கிறேன். ஆனால் எங்கள் சொந்தக் கடைக்குள்ளேயே அந்த டம்ளருக்கு ஒரு கதவு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கால்

கோபத்தில் இருந்தாலும் மூளை வேலை செய்தது. "அப்படின்னா கதவ அறுத்துடலாம்" என்றேன். "அடியில மட்டும். முழங்கால் உசரத்துக்கு. காத்து தரையோட உள்ள வரும். மூஞ்சி தெரியாது."

"காலு தெரியுமே."

"காலுல இன்னா ஜாதியா எழுதியிருக்குது?"

பெரியம்மா சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். சேற்றிலும் வெயிலிலும் மாறி மாறி நின்று பாளம் பாளமாக வெடித்த கால்.

"படிச்சிக்க. எழுதித்தான் இருக்குது."

நான் படித்தேன்.

பெரியம்மா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மேலே குழாயைப் பார்த்தார். அப்புறம் கதவை.

"மூஞ்சிய மறைச்சிக்கினு சுட்டா ஆவணியில கடைய காலி பண்ணணும். மூஞ்சியக் காட்டிக்கினு சுட்டாலும் காலி ஆவலாம். ரெண்டாவதுல கண்ணாவது எரியாது."

கோவிந்தசாமி அண்ணன் துணியைக் கீழே வைத்தார். "அன்னம்மா, பேஜாரா பூடும். யோசிச்சிக்க."

"அண்ணே, தெனம் காலையில மொத வடைய யாரு கையில வாங்கித் துன்றீங்க?"

"உன் கையிலதான்."

"உங்களுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. தொப்பைதான் போட்டுது."

"அப்ப கதவ அந்தப் பக்கம் புடிங்க. டேய் சூசை, நீ இந்தப் பக்கம் புடி."

கீலைக் கழற்றினோம். கனமான கதவு. அண்ணன் தன் பக்கத்தைத் தூக்கிக்கொண்டே, "கடை படுத்துதுன்னா நான் வளவனூரு போயி கரும்பு வெட்டப் போறேன்" என்றார். "நான் கட்டு கட்டுறேன் அண்ணே" என்றார் பெரியம்மா.

நாக்கு என்ன சொல்லுது?

மறுநாள் சந்தை. காலை வண்டியில் வருகிற கூட்டம் நேராக எங்கள் கடைக்குத்தான் வரும்.

கதவு இல்லாத வாசல் வழியாகத் தெருக்காற்று உள்ளே போனது. குழாய் உறுமத் தொடங்கியது. புகை ஒரு இழை தப்பாமல் கூட்டுக்குள் போனது. சுத்தமான, புகையில்லாத வெளிச்சத்தில், ஜல்லிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் பெரியம்மா நின்றார். ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தார். கழுத்தில் ஜெபமாலை. ஒருவர் கண்ணுக்கும் தப்ப முடியாது.

முதலில் வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மூன்று பேர் போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். அண்ணன் கல்லாவில் கல்லாகவே உட்கார்ந்திருந்தார்.

அப்போது சரக்கு ஷெட் குமாஸ்தா வந்தார். தினசரி வாடிக்கை. தலையில் பாகை, காதில் பென்சில். "இது யாரோ பெரிய வூட்டு அம்மா கைப்பக்குவம்யா. என் நாக்கு பொய் சொல்லாது" என்று ஊரெல்லாம் பறைசாற்றினவர். வழக்கம்போல வடையை வாங்கி, வழக்கம்போலக் கடித்து, வழக்கமில்லாமல் நிமிர்ந்து பார்த்தார்.

பாதி வடை வாயில். பாதி கையில்.

"நீ எந்த ஊரு?"

"முகையூருங்க."

"யாரு பொண்ணு?"

"களத்துல கூலிக்கு நெல்லு தூத்துவாரே சவரிமுத்து, அவரு பொண்ணுங்க."

கடைக்குள் யாரும் மெல்லவில்லை.

"இத்தினி நாளா நீதான் சுட்டியா?"

"இந்தக் கைதாங்க." பெரியம்மா கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை விரித்துக் காட்டினார். மாவு ஒட்டிய கை. "உங்க நாக்கு பொய் சொல்லாதுன்னு சொல்லுவீங்களே, உள்ளேர்ந்து கேட்டுக்கினு இருப்பேன். இப்ப இன்னா சொல்லுது?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். துப்புவாரா, விழுங்குவாரா? எங்கள் கடை முழுசும் அந்த மனுஷரின் வாய்க்குள் இருந்தது.

குமாஸ்தா மெல்ல ஆரம்பித்தார். மெதுவாக மென்றார். விழுங்கினார். கையிலிருந்த மீதியைப் பார்த்தார். அதையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"காரம் கம்மி" என்றார். "நாளைக்கு ரெண்டு மொளகா சேத்துப் போடு."

நாளைக்கு! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அடித்தும் விட்டேன். பெரியம்மா கரண்டியை ஓங்கினார்.

ஆவணி

எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று புளுக மாட்டேன். சிலர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர்கள் பெயரை எழுதலாம்தான். இந்தப் பத்திரிகையையும் அவர்கள் படிக்கிறார்கள். சில வாரம் தட்டில் வடை மிஞ்சியது. மிஞ்சியதை நானும் அண்ணனும் தின்று தீர்த்தோம். அண்ணனுக்குத் தொப்பை இன்னும் போட்டது. வளவனூர் உறவில் ஓர் ஆள் வந்து, "யாரு கூடக் கடை போட்டுக்கினு இருக்கிற, தெரியுதா?" என்று அவரைக் கேட்டார். "தெரியுதே, கதவே இல்லியே" என்றார் அண்ணன்.

ஆனால் ரயில் ஓயாதே! பாண்டிச்சேரி வண்டியில் வருகிறவன், திருச்சி வண்டிக்குக் காத்திருக்கிறவன், பட்டாளத்துக்காரன் எல்லாரும் வந்தார்கள். வாசலில் நின்றாலே சட்டி தெரியும், எண்ணெய் தெரியும், சுடுகிற கை தெரியும். கண்ணெதிரே சுடுவதால் இந்தக் கடையில்தான் பழைய வடை கிடையாது என்று ஒரு பேச்சு ஸ்டேஷனில் பரவியது. மறைத்து வைத்ததைக் காட்டினோம். அதுவே கடைக்கு விளம்பரமாகிவிட்டது.

ஆவணி பிறந்தது. புடவைக் கட்டு வந்து இறங்கியது. கொஞ்ச நாள் அலமாரியில் கிடக்க விட்டு, முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பச்சைப் புடவையை மூக்கில் வைத்தார்.

"மோந்து பாரு."

இழுத்து மோந்தேன். புதுப் பட்டு வாசனை. கஞ்சி வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

"இன்னா?"

"பசிக்கலீங்க" என்றேன்.

இந்தத் தடவை முதலாளி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "யாரு சுட்டா எனக்கு இன்னா, வாடகைக்கு வாசனை கெடையாது" என்றார். உள்ளே சுடுவது யார் என்று அந்த மனுஷருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம்.

லீவு முடிந்து நான் மதராஸுக்குக் கிளம்பின நாளில், வண்டிக்கு முன்னால் கடைக்குப் போனேன். குமாஸ்தா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். முன்பெல்லாம் கல்லாவோடு நின்றுகொள்கிறவர், இப்போது கதவு இருந்த இடத்தில் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, சட்டிக்குள் தலையை விடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஓரத்துல செவந்துக்கினு வருதே, அது எனக்கு. அதப் போடுங்கம்மா."

போடு என்றவர் போடுங்கம்மா என்கிறார். எப்போது மாறியது என்று அவருக்கே தெரியாது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணனும் கேட்டுவிட்டார். இரண்டு பேரும் அந்த 'ங்க'வை மூச்சுக் காட்டாமல் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

பெரியம்மா நிமிரவில்லை. கரண்டியால் அந்த வடையைப் புரட்டிப் போட்டபடியே சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இப்படி மொறைச்சிப் பார்த்துக்கினு இருந்தீங்கன்னா கண்ணு பட்டு எண்ணெய் குடிக்கும்."